'குட் டச், பேட் டச்' மட்டும் போதாது: குழந்தைகளைக் கொடுமையிலிருந்து காக்க பெரியவர்கள் செய்ய வேண்டியவை, படிப்படியாக

இன்றைக்கு எந்தப் பள்ளிக்குப் போனாலும் 'குட் டச், பேட் டச்' வகுப்பு ஒன்று நடந்திருக்கும். நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வகுப்பு முடிந்ததும் பெற்றோர் நிம்மதியாகிவிடுகிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஆறு வயசுப் பிள்ளை, தன்னைத் தூக்கி வளர்த்த நாற்பது வயசு ஆளிடம் 'நோ' சொல்லி, ஓடி வந்து, நம்மிடம் சரியான வார்த்தையில் புகார் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். காவல் காக்க வேண்டியவர்கள் நாம். அந்த வேலையைக் குழந்தையின் தலையில் கட்டிவிட்டால், ஏதாவது நடந்த பிறகு "ஏன் சத்தம் போடல?" என்று அதையே கேட்கவும் தோன்றும். அதனால் இந்த வழிகாட்டி முழுக்கப் பெரியவர்களுக்கானது.

ஒரு பின்னணி மட்டும் சொல்லிவிடுகிறேன். 2007இல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தியது. பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள், ஏதோ ஒரு வகைப் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். மூன்றில் இரண்டு பேர் அடி உதை வாங்கியதாகச் சொன்னார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் கணக்கைப் பார்த்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டத்தின் கடுமையான பாலியல் வன்முறை வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் குற்றவாளி குழந்தைக்குத் தெரிந்தவர்தான்: உறவுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், வீட்டுக்கு வந்து போகிறவர். "யார்கிட்டயும் சாக்லேட் வாங்காதே, பிள்ளை பிடிக்கிறவன் வருவான்" என்று நாம் சொல்லிச் சொல்லி வளர்க்கிறோம், ஆபத்து பெரும்பாலும் நாமே காபி போட்டுக் கொடுக்கிற ஆளிடமிருந்து வருகிறது.

படி 1: எதெல்லாம் கொடுமை என்று முதலில் தெளிவாகுங்கள்

பாலியல் கொடுமை என்றதும் நம் மனசு வன்புணர்ச்சிக்குப் போய்விடுகிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 18 வயதுக்கு உட்பட்ட யாராக இருந்தாலும், ஆண் பிள்ளையோ பெண் பிள்ளையோ, பாலியல் நோக்கத்தோடு தொடுவது குற்றம். தொடவே தொடாமல், உடம்பைக் காட்டச் சொல்வது, தன் உடம்பைக் காட்டுவது, ஆபாசப் படம் காட்டுவது, பின்தொடர்ந்து தொல்லை பண்ணுவது, போனில் மிரட்டுவது எல்லாமும் குற்றம். துணிக்கு மேல் தொட்டால் இந்தச் சட்டம் பொருந்தாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021இல் சொன்னது நினைவிருக்கலாம். அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. நோக்கம்தான் முக்கியம், தோல் தோலில் பட்டதா என்பது இல்லை.

ஆண் பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. "பையன்தானே, அவனுக்கு என்ன ஆகப்போகுது" என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. மேலே சொன்ன 2007 ஆய்வில் பாலியல் தொந்தரவைச் சொன்ன பிள்ளைகளில் பாதிக்கும் மேல் பையன்கள்.

அடி: இங்கேதான் சண்டை வரும். 'அடியாத மாடு படியாது' என்பதைப் பெரியவர்கள் இன்னும் பெருமையாகச் சொல்கிறார்கள். பள்ளியில் உடல் தண்டனையும் மனரீதியான துன்புறுத்தலும் கூடாது என்று 2009இன் கல்வி உரிமைச் சட்டம், 17ஆவது பிரிவு, நேராகவே சொல்கிறது. வீட்டில் என்றால்? கரண்டியைக் காயவைத்துச் சூடு போடுவது, மிளகாய்ப் புகை காட்டுவது, கட்டிப்போடுவது, இதெல்லாம் 'வளர்ப்பு' இல்லை. பொறுப்பில் இருப்பவரே குழந்தையைத் தாக்கினாலோ கைவிட்டாலோ வேண்டுமென்றே புறக்கணித்தாலோ 2015இன் இளைஞர் நீதிச் சட்டம் 75ஆவது பிரிவில் மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. பெற்றவர் என்பதால் விலக்கு கிடையாது.

கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இதை மட்டுமாவது மனசில் வையுங்கள். ராத்திரி முழுக்க அழுகிற குழந்தையை ஆத்திரத்தில் பிடித்து உலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியும், பார்வை போகலாம், உயிரே போகலாம், வெளியே ஒரு காயமும் தெரியாது. கை நடுங்குகிற அளவுக்குக் கோபம் வந்தால் குழந்தையைத் தொட்டிலிலோ பாயிலோ பத்திரமாகப் படுக்கப்போட்டுவிட்டு, அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். பத்து நிமிஷம் அழுதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. அப்புறம் வேறு யாரையாவது தூக்கச் சொல்லுங்கள்.

புறக்கணிப்பு பற்றி நாம் பேசுவதே இல்லை, ஏனென்றால் அதில் ஒரு 'சம்பவம்' இருக்காது. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும். காய்ச்சல் நாலு நாளாக இருந்தும் டாக்டரிடம் காட்டாமல் விடுவது. மூன்று வயசுப் பிள்ளையைத் திறந்த கிணற்றுப் பக்கம் விட்டுவிட்டுப் போவது. பத்து வயசு அக்கா, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வதற்காகப் பள்ளிக்கூடமே போகாமல் இருப்பது. வயசுக்கு வந்துவிட்டாள் என்று படிப்பை நிறுத்தி, 18 ஆவதற்குள் மாப்பிள்ளை பார்ப்பது. வீட்டில் சாப்பாடு, துணி, ஃபீஸ் எல்லாம் இருந்தும் பிள்ளையிடம் யாரும் ஒரு வார்த்தை அன்பாகப் பேசாமல் இருப்பதும் இதில்தான் சேரும், அதைப் பணக்கார வீடுகளிலும் தாராளமாகப் பார்க்கலாம்.

ஆனால் வறுமையும் புறக்கணிப்பும் ஒன்றில்லை. கூலி வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது என்ற நிலையில் பிள்ளையைத் தனியே விட்டுப் போகிற தாயை 'பொறுப்பில்லாதவள்' என்று முத்திரை குத்துவது சுலபம். அவருக்கு வேண்டியது போலீஸ் இல்லை. அங்கன்வாடியில் குழந்தையைச் சேர்த்துவிடுங்கள். பள்ளிக்குப் போகிற பிள்ளை என்றால் மதிய உணவு இருக்கிறது, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இருக்கிறது. அப்பா இல்லாத, அல்லது தீராத நோயில் பெற்றோர் இருக்கிற வீடு என்றால் மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள், ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒன்று உண்டு. வழி இருந்தும் செய்யாமல் விடுவதுதான் புறக்கணிப்பு. பக்கத்து வீட்டைப் பற்றிப் புகார் சொல்வதற்கு முன்னால் இந்த வித்தியாசத்தைப் பாருங்கள். குடித்துவிட்டு வந்து பிள்ளையைப் பட்டினி போடுகிற வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம், குழந்தைகள் உதவி எண் 1098ஐக் கூப்பிடுங்கள்.

படி 2: வீட்டுப் பழக்கத்தை மாற்றுங்கள்

உடம்பின் எல்லா உறுப்புகளுக்கும் பெயர் சொல்லிக்கொடுங்கள். 'பப்பி ஷேம்' என்று சிரித்துக்கொண்டே பழக்கிவிட்டால், அந்த இடத்தில் யாராவது கைவைத்ததை வெட்கக்கேடாக நினைத்துப் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். வீட்டு வார்த்தையாக இருந்தாலும் பரவாயில்லை, டீச்சருக்கும் டாக்டருக்கும் கேட்டவுடனே புரிகிற வார்த்தையாக இருக்க வேண்டும்.

"மாமாவுக்கு ஒரு முத்தம் குடு, குடுத்தாதான் விடுவேன்" என்பதை நிறுத்துங்கள். பாட்டியாகவே இருக்கட்டும், பிள்ளை வேண்டாம் என்றால் வணக்கம் சொல்லிவிட்டுப் போகட்டும். சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். தன் உடம்பைத் தொட வேண்டாம் என்று சொன்னால் அம்மா அப்பா தன் பக்கம் நிற்பார்கள் என்று பிள்ளை கற்றுக்கொள்வது இந்த மாதிரிச் சின்ன இடங்களில்தான்.

ரகசியம் என்ற ஒன்று வீட்டில் வேண்டாம். அப்பாவின் பிறந்தநாளுக்கு வாங்கிய பரிசைச் சொல்லாமல் வைத்திருப்பது சரி, அது எப்படியும் நாலு நாளில் வெளியே வந்துவிடும். "இது உனக்கும் எனக்கும் மட்டும்" என்று எந்தப் பெரியவர் சொன்னாலும் அதை அம்மாவிடம் சொல்லலாம், சொன்னால் திட்டு விழாது. இதை ஒருமுறை சொன்னால் பதியாது, திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

யாரோடு, எங்கே, தனியாக: இந்த மூன்றையும் கவனித்தாலே பெரும்பாலான வாய்ப்புகள் அடைபடும். கல்யாண மண்டபத்தில் ராத்திரி ஜமுக்காளத்தை விரித்து, சொந்தக்காரர்கள் எல்லாரோடும் பிள்ளைகளை வரிசையாகப் படுக்கவைத்துவிட்டு நாம் சமையற்கட்டுப் பக்கம் போய்விடுவோம் அல்லவா, அதை மாற்றுங்கள், உங்கள் பிள்ளை உங்கள் பக்கத்தில் படுக்கட்டும். டியூஷன் என்றால் கதவு திறந்திருக்க வேண்டும், மற்ற பிள்ளைகளும் இருக்க வேண்டும், நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் போய்ப் பாருங்கள். பள்ளி வேனில் கடைசியாக இறங்கும் பிள்ளை யார், அப்போது உதவியாளர் யாராவது வண்டியில் இருக்கிறாரா என்று கேளுங்கள். விடுமுறைக்கு ஊருக்கு அனுப்பினால், அங்கே இப்போது யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். இப்படிக் கேட்டதற்குக் கோபப்படுகிற டியூஷன் மாஸ்டரோ கராத்தே மாஸ்டரோ நமக்கு வேண்டாம், வேறு இடம் பார்க்கலாம்.

படி 3: வலை எப்படி விரிக்கப்படுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்த ஆட்கள் முதலில் பிடிப்பது குழந்தையை இல்லை, வீட்டை. ஆத்திர அவசரத்துக்குப் பணம் கொடுப்பார், ரேஷன் வாங்கி வந்து தருவார், "நீங்க போங்கக்கா, பாப்பாவ நான் பார்த்துக்கறேன்" என்பார். அப்புறம் பிள்ளைக்குத் தனிச் சலுகைகள், பரிசு, போனில் விளையாட்டு. அப்புறம் சின்னதாக ஒரு விதிமீறல், அம்மா வேண்டாம் என்ற ஐஸ்கிரீமை வாங்கிக்கொடுத்து "சொல்லாதே" என்பது. பிள்ளை சொல்கிறதா என்று பார்க்கிற சோதனை அது. சொல்லவில்லை என்றால் கிச்சுக்கிச்சு மூட்டுவது, மடியில் உட்காரவைப்பது என்று கை அடுத்த இடத்துக்குப் போகும். கடைசியில் மிரட்டல்: "வெளிய தெரிஞ்சா உங்கம்மா செத்துப்போயிடுவாங்க", "உன்னைத்தான் அடிப்பாங்க". பிள்ளை பல மாதம் பேசாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். பரிசு வாங்கிக்கொண்டோமே என்ற குற்ற உணர்ச்சியும் அதோடு சேர்ந்துவிடும்.

போனிலும் இதே வரிசைதான், வேகம்தான் அதிகம். ஆன்லைன் விளையாட்டில் அறிமுகமாகி, இன்ஸ்டாகிராமுக்கு மாறி, ஒரு படம் கேட்டு, அந்தப் படத்தை வைத்து அடுத்த படமோ பணமோ கேட்பார்கள். மாட்டிக்கொண்ட பிள்ளையிடமிருந்து போனைப் பிடுங்காதீர்கள், அது தண்டனையாகத்தான் தெரியும். பணம் அனுப்பாதீர்கள். அரட்டையை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தக் கணக்கின் முகவரியையும் குறித்துக்கொண்டு, தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலோ காவல் நிலையத்திலோ கொடுங்கள். 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை ஒன்று உண்டு. படத்தை எங்கும் அனுப்ப வேண்டியதில்லை, அதன் டிஜிட்டல் அடையாளத்தை மட்டும் வைத்து, சேர்ந்திருக்கிற தளங்களில் படம் பரவாமல் தடுப்பார்கள்.

முக்கியமான ஒன்று: குழந்தை இருக்கிற ஆபாசப் படம் உங்கள் வாட்ஸாப்புக்கு வந்தால், 'எச்சரிக்கை' என்று போட்டுக்கூட யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். அதுவே குற்றம். தனியாகப் பார்ப்பது குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் ஒரு வழக்கை ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது.

படி 4: அறிகுறிகள்

விளையாடுகிற பிள்ளைக்கு முழங்கால், முழங்கை, நெற்றி, கெண்டைக்கால் முன்பக்கம் எல்லாம் சிராய்ப்பு இருக்கும். காது, கழுத்து, கன்னம், முதுகு, தொடை உட்புறம், பிட்டம், இங்கே கன்றிப்போயிருந்தால் நின்று கவனியுங்கள். தவழக்கூட ஆரம்பிக்காத குழந்தைக்கு எங்கே கன்றியிருந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். வட்டமான சின்னச் சூட்டுத்தழும்பு, ஒரே கோட்டில் நிற்கிற வெந்நீர்க் காயம், காயத்துக்குப் பொருந்தாத கதை, ஒவ்வொரு தடவையும் மாறுகிற கதை, ஆஸ்பத்திரிக்கு இரண்டு நாள் தாமதமாக வருவது, இவை சந்தேகத்துக்குரியவை.

மனசு காட்டும் அறிகுறிகள் இவ்வளவு தெளிவாக இருக்காது. நிறுத்திய பிள்ளை மறுபடி படுக்கையை நனைப்பது, குறிப்பிட்ட ஒருவர் வந்தால் மட்டும் ஒளிந்துகொள்வது, வயசுக்கு மீறிய பாலியல் பேச்சோ விளையாட்டோ, காரணமில்லாத வயிற்றுவலி, திடீரென்று மார்க் சரிவது, தன்னைத்தானே கீறிக்கொள்வது. இவற்றில் ஒன்று இருந்தால் உடனே கொடுமை என்று முடிவு கட்ட வேண்டாம், தம்பி பிறந்தாலும் வீடு மாறினாலும் இப்படி நடக்கும். பல சேர்ந்து வந்தால், அல்லது ஓர் ஆளோடு, ஓர் இடத்தோடு ஒட்டியே வந்தால் கேளுங்கள். எந்த அறிகுறியும் காட்டாத பிள்ளைகளும் உண்டு. மாற்றுத்திறன் உள்ள, பேச்சு வராத பிள்ளைகளிடம் நடத்தை மாற்றத்தை "அதோட குணம் அப்படித்தான்" என்று தள்ளிவிடுவது இன்னும் மோசம்.

படி 5: பிள்ளை சொன்ன அந்த நிமிஷம்

அரைகுறையாகத்தான் வரும். "எனக்கு அந்த அண்ணாவைப் பிடிக்கல", "டியூஷனுக்குப் போகமாட்டேன்". அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள், உங்கள் அழுகையைப் பார்த்தால் பிள்ளை பேச்சை நிறுத்திவிடும். "அப்புறம் என்ன ஆச்சு?" என்பது போதும். "அவன் இங்க தொட்டானா?" என்று நீங்களே பதிலை வாயில் திணிக்கக் கூடாது, பிறகு கோர்ட்டில் "அம்மா சொல்லிக்கொடுத்தது" என்று எதிர்த்தரப்பு சொல்ல வழிவைத்ததாகிவிடும். "ஏன் முன்னாடியே சொல்லல?", "நீ ஏன் அங்க போன?" இரண்டும் வேண்டவே வேண்டாம்.

சொல்ல வேண்டியது: நீ சொன்னது நல்லது, நான் நம்புறேன், உன் மேல தப்பில்லை. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள், காப்பாற்ற முடியாது. "உன்னைப் பாதுகாக்கறதுக்கு வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்" என்று சொல்லலாம். பிள்ளை தூங்கியதும், அது சொன்ன வார்த்தைகளை அப்படியே, நாகரிகமாக மாற்றாமல், தேதி நேரத்தோடு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அப்பா, தாத்தா, டீச்சர் என்று ஒவ்வொருவர் முன்னாலும் மறுபடி மறுபடி சொல்லவைக்காதீர்கள்.

அந்த ஆளின் வீட்டுக்குப் போய்ச் சட்டையைப் பிடிக்கத் தோன்றும். போகாதீர்கள். போனை உடைப்பான், தலைமறைவாவான், அல்லது நாலு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து காலில் விழுவான். அப்புறம் ஊர்ப் பஞ்சாயத்து, 'பொண்ணு வாழ்க்கை', குடும்ப மானம் என்று பேச்சு திரும்பிவிடும்.

படி 6: முதல் 72 மணி நேரம்

சமீபத்தில் நடந்தது என்றால் முதலில் அரசு மருத்துவமனை. எஃப்.ஐ.ஆர். இல்லாமலேயே பரிசோதனை செய்யலாம் என்று போக்சோ 27ஆவது பிரிவு சொல்கிறது. முதலுதவியும் சிகிச்சையும் அரசு, தனியார் எந்த மருத்துவமனையானாலும் இலவசமாகத் தர வேண்டும். "போலீஸ் லெட்டர் கொண்டுவாங்க" என்று திருப்பி அனுப்ப முடியாது. பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், நீங்கள் கூடவே இருக்கலாம். பெண்ணுறுப்பில் விரல் விட்டுப் பார்க்கிற 'இரண்டு விரல் பரிசோதனை' கூடாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் கண்டித்துச் சொல்லியிருக்கிறது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

முடிந்தால் பரிசோதனைக்கு முன் குளிக்கவைக்காதீர்கள். போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதத்தில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் நின்று தடயம் கெட்டுவிடும். குளிப்பாட்டிவிட்டீர்கள், துவைத்துவிட்டீர்கள் என்றாலும் போங்கள். காயம் எதுவும் இல்லை என்று அறிக்கை வந்தால் பிள்ளை பொய் சொன்னது என்று ஆகாது, பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைகளில் பெரும்பாலானோருக்கு உடம்பில் காயமே தெரியாது.

படி 7: புகார்

1098 குழந்தைகள் உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், பிள்ளையே கூப்பிடலாம். அவசரம் என்றால் 112. தமிழ்நாட்டில் பள்ளியில் நடந்தது என்றால் 14417க்கும் சொல்லலாம். நேராகப் போவதென்றால் அனைத்து மகளிர் காவல் நிலையம்.

ஆதாரம் திரட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்று நினைத்துக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். தேவையில்லை. நடந்தது தெரிந்தாலும், நடக்கப்போகிறது என்ற அச்சம் இருந்தாலும் சொல்லியாக வேண்டும் என்கிறது போக்சோ 19ஆவது பிரிவு. கண்டுபிடிப்பது போலீஸின் வேலை. நல்லெண்ணத்தில் புகார் கொடுத்தவர்மேல் வழக்குப் போட முடியாது. தெரிந்தும் மறைத்தால்தான் சிக்கல்: ஆறு மாதம்வரை சிறை. ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர் தன் கீழ் வேலை செய்கிறவரின் குற்றத்தை மறைத்தால் ஓர் ஆண்டு. ஆகவே "நாங்களே விசாரிச்சு அந்த சாரை வேலையை விட்டு அனுப்பிட்டோம், வெளியே சொல்லாதீங்க" என்று பள்ளி நிர்வாகம் சொன்னால் தலையாட்டாதீர்கள். அந்த சார் அடுத்த ஊர்ப் பள்ளியில் சேர்ந்துவிடுவார்.

வாக்குமூலம் வாங்க வருகிற அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது, முடிந்தவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண்ணாக இருக்க வேண்டும், பிள்ளையின் வீட்டிலோ அதற்குப் பிடித்த இடத்திலோ வாங்க வேண்டும். இரவில் எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்க முடியாது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். உரிமைகளைப் பட்டியலிடும் 'படிவம் ஏ' என்ற தாளும் தர வேண்டும், பல இடங்களில் நாமாகக் கேட்டால்தான் வரும். 24 மணி நேரத்துக்குள் விஷயம் குழந்தைகள் நலக் குழுவுக்குப் போக வேண்டும். குற்றம் செய்தவர் அதே வீட்டில் இருக்கிறார் என்றால் பிள்ளை எங்கே தங்குவது என்பதை அந்தக் குழுதான் முடிவு செய்யும். அத்தை வீடோ பாட்டி வீடோ பாதுகாப்பானது என்றால் அதைத் தயங்காமல் சொல்லுங்கள், குழந்தைகள் இல்லம் என்பது கடைசி வழியாக இருக்கட்டும்.

படி 8: அதற்கப்புறம்

வழக்கு ஓர் ஆண்டில் முடிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் இழுக்கும், மனசைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். கூடவே வருவதற்கு ஓர் ஆதரவு நபரை நியமிக்கும்படி குழந்தைகள் நலக் குழுவிடம் கேளுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். எஃப்.ஐ.ஆர். பதிவானதுமே இடைக்கால இழப்பீட்டுக்கு மனு போடலாம், தீர்ப்புவரை காத்திருக்க வேண்டியதில்லை. விசாரணை மூடிய அறையில் நடக்கும், அந்த ஆளின் முகத்தைப் பிள்ளை பார்க்க வேண்டியிருக்காது, எதிர்த்தரப்பு வக்கீல் நேராகக் கேள்வி கேட்க முடியாது, நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். நடுவில் தண்ணீர் குடிக்க, அம்மாவிடம் போக இடைவேளை உண்டு. இதையெல்லாம் பிள்ளைக்கு முன்கூட்டியே விளக்கிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

பெயர், படம், பள்ளி, தெரு, எதுவும் வெளியே வரக் கூடாது. நியாயம் கேட்கிறேன் என்று சொந்தக்காரர் யாராவது ஃபேஸ்புக்கில் எழுதினால் உடனே எடுக்கச் சொல்லுங்கள்.

மனநல ஆலோசனைக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கே போகலாம். சில பிள்ளைகள் முதல் மாதம் சாதாரணமாக இருந்துவிட்டு ஆறு மாதம் கழித்து ராத்திரி அலறும், ஆகவே "அதான் மறந்துட்டாளே" என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். பள்ளியை மாற்றுவதா, ஊரை மாற்றுவதா என்று பெரியவர்களே கூடிப் பேசி முடிவெடுக்காமல் பிள்ளையிடமும் கேளுங்கள். தன் தோழிகள் இருக்கிற அதே பள்ளிக்கே போகிறேன் என்று அது சொன்னால், அந்தப் பள்ளி பாதுகாப்பானதாக இருந்தால், அங்கேயே அனுப்புங்கள். மாலையில் விளையாடப் போகட்டும். வீட்டில் ஒருவர் உடன் போய்த் திண்ணையிலோ பெஞ்சிலோ உட்கார்ந்திருந்தால் போதும்.